வினாடிக் கணக்கு: மியூசிக் வீடியோ எடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலைகள்

சொந்தமாக ஒரு பாட்டுக்கு மெட்டுப் போட்டு, பாடி, ரெக்கார்டிங்கும் முடித்தவர்களுக்கு அடுத்து வருகிற ஆசை, அதற்கு ஒரு வீடியோ எடுக்க வேண்டும் என்பதுதான். நண்பர் ஒருவரிடம் கேமரா இருக்கிறது. கேமரா ஆடாமல் பிடிக்க உதவும் கிம்பல் வாடகைக்குக் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் லீவு. கிளம்பிப் போய்க் கண்ணுக்கு அழகாகப் பட்டதையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எடிட் செய்ய உட்கார்ந்தால் முதல் பல்லவி ஜோராக வருகிறது. இரண்டாவது சரணம் தொடங்கும்போது கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. அதற்குமேல் வைக்கப் படமே இல்லை.

நான் உதவியாளராக வேலை பார்த்த முதல் வீடியோவில் இதுதான் நடந்தது. பாடிய பெண் தன் சேமிப்பைப் போட்டு எடுத்த வீடியோ அது. கடைசி ஒரு நிமிடத்துக்கு முதல் நிமிடத்தின் ஷாட்டுகளையே திருப்பிப் போட்டு வெளியிட்டோம். அன்றிலிருந்து எந்த வீடியோ வேலைக்குப் போனாலும் பாட்டின் நீளத்தையும் வேகத்தையும் முதலில் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறேன். மற்ற எல்லாத் திட்டமும் அந்த ஒரு பக்கத்திலிருந்துதான் பிறக்கிறது என்பது என் நம்பிக்கை. முதன்முறை எடுக்கப்போகிறவர்களுக்காக அந்தப் பக்கத்தை எப்படி நிரப்புவது என்று இங்கே சொல்கிறேன். எந்த கேமரா வாங்கலாம் என்ற பேச்சு இதில் இல்லை.

பாட்டு முன்னால், படம் பின்னால்

குறும்படத்தில் ஒரு காட்சி இழுத்தால் வெட்டலாம், போதாவிட்டால் நீட்டலாம். பாட்டில் அந்தச் சலுகை கிடையாது. நீங்கள் கேமராவைத் தொடும்போதே பாட்டு முடிந்துபோன விஷயம். 4 நிமிடம் என்றால் 4 நிமிடம்தான். எந்த வினாடியில் தவில் சேரும், எந்த வினாடியில் பாடகி மூச்சு எடுப்பார் என்பதுவரை முடிவாகிவிட்டது. படம் அதன் பின்னாலேயே நடந்து போக வேண்டும்.

பேசும்படம் தொடங்கிய காலத்தில் இப்படி இல்லை. நடிகர்கள் கேமராவுக்கு முன்னால் நின்று தாங்களே பாடினார்கள். வாத்தியக்காரர்கள் படத்தில் தெரியாதபடி மரத்துக்குப் பின்னாலோ திரை மறைவிலோ உட்கார்ந்து வாசித்தார்கள். 1938-இல் ஏவி. மெய்யப்பன் தயாரித்த ‘நந்தகுமார்’ வழியாகத்தான் ஒருவர் நடிக்க இன்னொருவர் பாடுகிற வழக்கம் தமிழுக்கு வந்தது. நாளடைவில் பாட்டை முன்பே பதிவுசெய்து, செட்டில் ஒலிக்கவிட்டு, நடிகர் வாயசைப்பது என்ற முறை நிலைத்துவிட்டது. அப்படி ஒலிக்கவிடப் பயன்பட்ட டேப் கருவியின் பெயர் நாக்ரா. போலந்தில் பிறந்த ஸ்டீபன் குடெல்ஸ்கி சுவிட்சர்லாந்தில் 1951-இல் முதல் நாக்ராவை உருவாக்கினார். பின்னால் வந்த மாடல்கள் வேகம் பிசகாமல் ஓடியதால் உலகமெங்கும் சினிமாக்காரர்கள் அதை நம்பினார்கள். இன்று அந்த இடத்தில் லேப்டாப் இருக்கிறது. ஆனாலும் பழைய ஆட்கள் வேலை செய்யும் யூனிட்டில் ‘நாக்ரா போடு’ என்ற குரல் இன்னும் கேட்கும்.

வேகம் பிசகாமல் ஓட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஷூட்டிங் முடிந்த பிறகு இசையமைப்பாளர் ‘கொஞ்சம் துடிப்பாக இருக்கட்டுமே’ என்று நிமிடத்துக்கு 98 பீட்டாக (தாளத் தட்டாக) இருந்ததை 100 ஆக்கினார் என்று வையுங்கள். கேட்பவருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் 4 நிமிடப் பாட்டு 4.8 வினாடி சுருங்கிவிடும். உதடு ஓரிடத்தில், குரல் ஓரிடத்தில் என்று முழு வீடியோவும் குலைந்துபோகும். ஆகவே பாட்டின் நீளம், வேகம், வரிகள் மூன்றும் லாக் ஆகாமல் ஷூட்டிங் தேதி குறிக்காதீர்கள். மிக்ஸிங்கில் ஒலி அளவு மாறலாம், எதிரொலி கூடலாம். அதனால் ஒன்றும் கெடாது.

பீட்டிலிருந்து வினாடிக்கு

ஒரு பாட்டைக் கற்பனை செய்துகொள்வோம். தரங்கம்பாடிக் கடற்கரையில் பிறந்து வளர்ந்த ஒரு பெண் வேலைக்காகச் சென்னைக்குப் பஸ் ஏறுகிறாள். அவள் அம்மாவை நினைத்துப் பாடுகிற பாட்டு. வேகம் நிமிடத்துக்கு 96 பீட். நான்கு பீட் சேர்ந்தால் ஒரு பார். ஒரு பீட்டுக்கு 0.625 வினாடி, ஒரு பாருக்கு 2.5 வினாடி. வினாடிக்கு 24 ஃப்ரேமில், அதாவது 24 தனிப் படங்களாக, எடுத்தால் ஒரு பீட்டுக்குச் சரியாக 15 ஃப்ரேம். 4 நிமிடப் பாட்டில் மொத்தம் 96 பார்.

இசையமைப்பாளர் இதைத் தன் கம்ப்யூட்டரில் தினமும் பார்க்கிறார். படம் எடுப்பவர் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பிறகு ஒரு தாளை எடுத்துப் பாட்டைப் பத்து முறையாவது கேட்டு இப்படிப் பிரியுங்கள். தொடக்க இசை 0:00 முதல் 0:20 வரை, 8 பார். பல்லவி 1:00 வரை, 16 பார். முதல் இடையிசை 1:30 வரை, 12 பார். முதல் சரணம் 2:10 வரை. மறுபடி பல்லவி 2:30 வரை. இரண்டாவது இடையிசை 3:00 வரை. இரண்டாவது சரணம் 3:40 வரை. முடிகிற பல்லவி 4:00 வரை.

ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில் என்ன வரி, என்ன வாத்தியம், அங்கே நமக்கு என்ன தோன்றுகிறது, யார் தெரிகிறார்கள், எந்த இடம், என்ன உடை என்று கட்டம் போட்டு எழுதுங்கள். முதல் முறை கட்டம் பாதிதான் நிறையும். காலியாகக் கிடக்கும் கட்டங்கள்தான் இந்தத் தாளின் பயனே. இரண்டாவது சரணத்தில் 40 வினாடி வெறுமையாக இருக்கிறது என்பது வீட்டில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே தெரிந்துவிடும். நாங்கள் அதை எடிட்டிங் மேஜையில் தெரிந்துகொண்டோம்.

கட்டங்களை நிரப்பும்போது எல்லோருக்கும் வருகிற ஒரு தடுமாற்றம் உண்டு. வரியில் ‘நிலா’ என்று வந்தால் நிலாவைக் காட்டுவது, ‘கண்ணீர்’ என்று வந்தால் கண்ணீரைக் காட்டுவது. காது ஏற்கெனவே கேட்டுவிட்டதைக் கண்ணுக்கும் சொல்லிக்கொண்டிருந்தால் பார்ப்பவர் சலித்துப்போவார். நம் பாட்டில் அம்மாவின் கையைப் பற்றிய வரி வரும்போது, மகள் பஸ்ஸில் டிபன் டப்பாவைத் திறக்கலாம். உள்ளே ஒழுங்காக மடித்து வைத்த வாழையிலை. அம்மாவின் கை அதில் வந்துவிடுகிறது.

கதை நகர வேண்டிய இடம் இடையிசை. அங்கே சொற்கள் இல்லாததால் பார்ப்பவரின் கவனம் முழுக்கப் படத்தில் இருக்கும். பாட்டி தரும் காசு, பூட்டிய பெட்டி, பஸ் புறப்படுவது போன்றவற்றை அங்கே வையுங்கள். பல்லவிக்கு வேறு வேலை. அது திரும்பத் திரும்ப வருவது. மூன்று முறையும் ஒரே மாதிரிப் படம் வைத்தால் பாட்டு நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் இருக்கும். முதல் பல்லவியில் அம்மாவும் மகளும் திண்ணையில். இரண்டாவதில் மகள் மட்டும் பஸ்ஸின் ஜன்னலோரம். கடைசியில் அதே திண்ணை, அம்மா மட்டும். சொல் மாறவில்லை, ஆனால் அர்த்தம் ஒவ்வொரு முறையும் மாறிவிட்டது. மியூசிக் வீடியோவில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். இதற்கு ஒரு பைசா செலவில்லை. தாளும் பேனாவும் பொறுமையும் இருந்தால் போதும்.

லிப்பா, மாண்டேஜா?

நம் ஊர் யூனிட்டுகளில் பாட்டை இரண்டாகப் பிரிப்பார்கள். நடிப்பவர் வாயசைத்துப் பாடினால் லிப் சிங்க் பாட்டு. பின்னணியில் பாட்டு ஒலிக்க, காட்சிகள் மட்டும் ஓடினால் மாண்டேஜ் பாட்டு. முதல் வீடியோவுக்கு மாண்டேஜ் சுலபம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். மாண்டேஜில் ஒத்திசைவுத் தொல்லை கிடையாது. ஆனால் 240 வினாடிக்கும் புதுப்புதுக் காட்சிகள் தேவைப்படும். லிப் சிங்க்கில் ஒரே இடத்தில் முழுப் பாட்டையும் மூன்று கோணங்களில் பாடவைத்து எடுத்துவிட்டால், எங்கே படம் போதவில்லையோ அங்கே அவர் முகத்துக்குத் திரும்பிவிடலாம். அது ஒரு காப்பீடு மாதிரி. பாடியவரே திரையிலும் வருகிறார் என்றால் இரண்டையும் கலப்பதைத்தான் சொல்வேன்.

ஷாட் கணக்கும் இங்கேதான் தெளிவாகும். ஒரு ஷாட் சராசரியாக 3 வினாடி நின்றால் 240 வினாடிக்கு 80 ஷாட் வேண்டும். பயப்பட வேண்டாம், 80 முறை கேமராவை நகர்த்தி வைக்கத் தேவையில்லை. பாடுகிற முகத்தை எடுக்கும் மூன்று கோணங்களிலிருந்தே முப்பது, முப்பத்தைந்து துண்டுகள் கிடைத்துவிடும். மீதிக்கு ஓர் இருபது, இருபத்தைந்து இடம் மாற்றங்கள் போதும். சின்ன யூனிட்டால் இரண்டு நாளில் நிதானமாக முடிக்க முடிகிற அளவு அது. ஷாட் டிவிஷனை, அதாவது எடுக்க வேண்டிய ஷாட்டுகளின் பட்டியலை, எழுதும்போது ஒவ்வொரு ஷாட்டுக்கும் எதிரே பாட்டின் எந்த வினாடி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ‘அம்மா திரும்பிப் பார்க்கிறாள்’ என்று மட்டும் இருந்தால், அவள் எவ்வளவு மெதுவாகத் திரும்ப வேண்டும் என்று நடிக்கிற அம்மாவுக்குத் தெரியாது. ‘3:52, கடைசி வீணை இழுப்பு, 5 வினாடி’ என்று எழுதியிருந்தால் தெரியும்.

பிளேபேக்: ஒரு தனி வேலை

பிளேபேக் என்பது செட்டில் பாட்டை ஒலிக்கவிடுவது; பாட்டை போனில் போட்டுவிட்டால் ஆயிற்று என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கடற்கரையில் அலை இரைச்சலுக்கு நடுவே போன் சத்தம் மூன்றடி தாண்டாது. பாடகி ஒரு நொடி பின்தங்கிப் பாடுவார், அது அங்கே யாருக்கும் தெரியாது. நல்ல ஸ்பீக்கர் ஒன்று வேண்டும். புளூடூத் இணைப்பு டேக்குக்கு நடுவில் அறுந்தால் எல்லாம் வீண், ஆகவே வயர் போட்டுக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கென்று ஓர் ஆளை வைத்துவிடுங்கள். டைரக்டரே போனையும் அழுத்தி, மானிட்டரையும் பார்த்து, நடிப்பையும் கவனிப்பது நடக்காது.

முழுப் பாட்டு ஒரு ஃபைல். அது தவிர பல்லவி, சரணம், இடையிசை எனத் தனித்தனித் துண்டுகளாகவும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் நான்கு ‘டிக்’ சத்தம் இருக்க வேண்டும். அப்போதுதான் பாடகி சரியான இடத்தில் வாய் திறப்பார். இன்னொன்று, செட்டில் வாய் மட்டும் அசைத்தால் கழுத்து நரம்பு அசையாது, நெஞ்சு ஏறி இறங்காது, பார்ப்பவருக்குப் பொய் என்று தெரிந்துவிடும். சத்தம் போட்டே பாடச் சொல்லுங்கள். முந்தைய வாரம் முழுக்க அவர் தன் ரெக்கார்டிங்கைக் கேட்டுப் பழக வேண்டும். தானே பாடிய பாட்டாக இருந்தாலும், ரெக்கார்டிங்கில் எந்த எழுத்தை எவ்வளவு இழுத்தோம் என்பது மறந்துபோயிருக்கும்.

இனி கொஞ்சம் இயற்பியல். ஒலி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் ஓடும். பாடகி அலையோரம் நிற்கிறார், ஸ்பீக்கர் அவர் பக்கத்தில், கேமரா 70 மீட்டர் தள்ளி, தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸுடன் நிற்கிறது என்றால், பாட்டு கேமராவின் மைக்குக்கு 0.2 வினாடி தாமதமாகப் போய்ச் சேரும். 24 ஃப்ரேம் கணக்கில் அது 5 ஃப்ரேம். எடிட்டர் அந்த ஒலியை நம்பிப் பொருத்தினால் உதடு பாட்டுக்கு முன்னால் ஓடும். பெரும்பாலான ட்ரோன்களில் மைக்கே கிடையாது. ஸ்லோ மோஷனுக்காக வினாடிக்கு அதிக ஃப்ரேமில் எடுக்கும்போது பல கேமராக்கள் ஒலியைப் பதிவதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே எளிய மருந்துதான். பாடகியின் பக்கத்தில் ஒரு போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு, கேமராவுக்குத் தெரியும்படி ஒருமுறை பளிச்சென்று கை தட்டச் சொல்லுங்கள். போனில் பாட்டும் தட்டலும் சேர்ந்து பதிவாகியிருக்கும். கை சேருகிற ஃப்ரேமோடு அதைப் பொருத்திவிடலாம்.

ஸ்லோ மோஷனில் பாடுவது எல்லோருக்கும் ஆசை. கூந்தல் மெதுவாக அலையும், உதடு மட்டும் பாட்டோடு சரியாக ஒட்டியிருக்கும். அதன் ரகசியம் எளிது. கேமராவை 48 ஃப்ரேமில் வையுங்கள், பாட்டை இருமடங்கு வேகத்தில் ஒலிக்கவிடுங்கள், பாடகி அந்த வேகத்துக்கு வாயசைக்கட்டும். பிறகு 24 ஃப்ரேமில் ஓட்டினால் உதடு இயல்பான வேகத்துக்கு வந்துவிடும், மற்ற அசைவுகள் பாதி வேகமாகும். ஆனால் நம் பாட்டின் 96 பீட் அப்போது 192 ஆகிவிடும், 40 வினாடி சரணத்தை 20 வினாடியில் பாடி முடிக்க வேண்டும். பழகாமல் யாராலும் முடியாது. தொடக்கத்தில் 36 ஃப்ரேமும் ஒன்றரை மடங்கு வேகமும் வைத்துப் பாருங்கள். மென்மையாகவும் இருக்கும், பாடகிக்கும் மூச்சு வாங்காது. இந்த வேக ஃபைல்களை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு போக வேண்டும். மணலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறக்கும் வேலை வேண்டாம்.

தரங்கம்பாடியைப் போய்ப் பார்த்து வருவது

லொகேஷனை கூகுள் படத்தில் பார்த்து முடிவு செய்வது பாதி வேலைகூட இல்லை. எந்த நேரத்தில் எடுக்கப்போகிறீர்களோ அதே நேரத்துக்குப் போய் நில்லுங்கள். கிழக்குக் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழும், ஊருக்குப் பின்னால் மறையும். காலையில் கடலைப் பின்னணியாக வைத்தால் வெளிச்சம் முதுகுப்பக்கம் வரும், முகம் இருட்டாகும். மகள் வீட்டை விட்டுக் கிளம்பும் நிழலுருவத்துக்கு அது பொருத்தம். முகம் தெரியப் பாட வேண்டும் என்றால் மாலை நாலரைக்குமேல் நிலப்பக்கமிருந்து வரும் சாய்ந்த வெயில்தான் சரி. முகத்தில் மென்மையான ஒளி விழும், பின்னால் கடல் நீலமாகத் தெரியும். பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை நம் ஊர் வெயில் உச்சியிலிருந்து இறங்கும், கண்ணுக்குக் கீழே கறுப்பு விழும். அந்த நேரத்துக்கு வீட்டுக்குள் எடுக்கும் காட்சிகளை வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் அங்கே சூரியன் ஆறரை வாக்கில்தான் தலைகாட்டும், ஜூனில் ஆறு மணிக்கு முன்பே எழுந்துவிடும். இந்த வித்தியாசத்தால் யூனிட்டை எத்தனை மணிக்கு எழுப்புவது என்பதே மாறும்.

பருவத்தையும் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் சின்னம் எப்போது வேண்டுமானாலும் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். விடிகாலையில் விசைப்படகுகள் வரிசையாகக் கடலுக்குப் போகிற ஷாட்டை மனதில் வைத்துக்கொண்டு மே மாதம் போய் நின்றால் ஏமாற்றம்தான். ஓய்ந்து கிடக்கும் படகுகள் வேண்டும் என்றால் அதே மே மாதம் நல்ல காலம்.

அனுமதி என்று வரும்போது இடம் யாருடையது என்பதே முதல் கேள்வி. டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. மாமல்லபுரத்துச் சிற்பங்கள் மத்தியத் தொல்லியல் துறையிடம் இருக்கின்றன. பேருந்து நிலையம் உள்ளாட்சியுடையது, உள்ளே நிற்கிற அரசுப் பேருந்து போக்குவரத்துக் கழகத்துடையது, இரண்டு இடத்திலும் கேட்க வேண்டும். இதைவிட ஒரு தனியார் மினி பஸ்ஸை அரை நாள் வாடகைக்கு எடுப்பது சின்ன யூனிட்டுக்கு எளிது. ட்ரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால், 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின் கீழ் வந்த டிஜிட்டல் ஸ்கை என்ற, பறக்கும் மண்டலங்களை நிறம் பிரித்துக் காட்டும் வரைபடத்தில் அந்த இடம் என்ன நிறம் என்று பார்த்துவிடுங்கள். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசு அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது. படத்தில் குழந்தை நடித்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்குமேல் வேலை வாங்கக் கூடாது, இடைவெளி இல்லாமல் 3 மணி நேரத்துக்குமேல் கூடவே கூடாது. மாடு, குதிரை என்றால் விலங்குகள் நல வாரியம்.

அரசாங்கத் தாள் எல்லாம் இருந்தாலும் கடலோர ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்க்காமல் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். 2004 சுனாமியில் உறவுகளை இழந்த மக்கள் வாழ்கிற கரை அது. வலை காயப்போடும் இடத்தில் ட்ராலி போடுவதற்கு முன்னால் அந்த வலைக்காரரைக் கேட்க வேண்டும். லொகேஷன் பார்க்கப் போகிற அன்றே பெரியவர்களைச் சந்தித்து, என்ன பாட்டு, என்ன கதை என்று சொல்லி, பாட்டையும் போட்டுக் காட்டுங்கள். நான் போன ஓர் ஊரில் அப்படிப் பாட்டைக் கேட்ட ஒரு அம்மா, ‘எங்க வீட்டுத் திண்ணையில எடுங்க தம்பி’ என்று தாமாகவே கூப்பிட்டார். நாங்கள் வாடகைக்குப் பேசி வைத்திருந்த வீட்டைவிட அது நூறு மடங்கு உயிரோடு இருந்தது. யாருடைய முகமாவது தெளிவாகத் தெரியப்போகிறது என்றால் அவரிடம் ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எழுத்து என்றதும் பாட்டின் உரிமை நினைவுக்கு வருகிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டில் வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு என மூன்று தனித்தனிச் சொத்துகள் இருக்கின்றன. சொந்தப் பாட்டு என்றாலும் எழுதியவர், இசையமைத்தவர், பணம் போட்டவர் மூவரும் ஷூட்டிங்குக்கு முன்பே ஒரு பக்க ஒப்பந்தமாவது போட்டுவிடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதுதான் அந்தக் கையெழுத்து சுலபமாகக் கிடைக்கும். பழைய சினிமாப் பாட்டைப் பாடி வீடியோ எடுப்பதென்றால், உரிமை வைத்திருக்கும் இசை நிறுவனத்திடம் முதலில் பேசுங்கள். யூட்யூபில் உரிமையுள்ள பாட்டுகளைத் தானாக அடையாளம் காணும் கன்டென்ட் ஐடி அந்த மெட்டைக் கண்டுபிடித்தால் வருமானம் அவர்களுக்குப் போகலாம், வீடியோவே தடைபடவும் செய்யலாம்.

சோதனை ஷாட்டும் பணமும்

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட்டும் மலிவான எல்இடியும் சீரியல் பல்பும் வினாடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு கேமராவில் பட்டை பட்டையாக ஓடும். ஷட்டரை 1/50 வினாடியில் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஆனால் வேகமான ஃப்ரேமில் எடுக்கும்போது சிக்கல் திரும்ப வந்துவிடும். திண்ணை விளக்கை லொகேஷன் பார்க்கும் அன்றே போனில் இல்லாமல் அதே கேமராவில் பத்து வினாடி எடுத்துப் பார்த்துவிடுங்கள். உடையையும் அன்றே பாருங்கள். மெல்லிய கோடு போட்ட சட்டை திரையில் நெளியும். கடலோர வெயிலில் வெள்ளைச் சேலை மடிப்பே தெரியாமல் வெளுத்துப்போகும், பழுப்பேறிய வெள்ளை நன்றாக நிற்கும்.

பணத்தில் என் யோசனை ஒன்றே ஒன்று. லென்ஸ் வாடகையைக் குறைத்தாலும் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். விடிகாலை நாலரைக்கு வந்த லைட்மேனுக்கு ஏழு மணிக்குச் சூடாக இட்லி கிடைத்தால் மாலைவரை முகம் சுளிக்க மாட்டார். பேட்டா எவ்வளவு, போக்குவரத்து யார் பொறுப்பு என்பதை முன்பே சொல்லிவிடுங்கள், நண்பர்களாக இருந்தாலும். மொத்தப் பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் தனியே வையுங்கள். மழை வந்தால் அதுதான் இன்னொரு நாள் கொடுக்கும்.

கால் ஷீட்டை, அதாவது எந்த நேரத்தில் எதை எடுப்பது என்ற அட்டவணையை, போடும்போது பாட்டின் வரிசையை மறந்துவிட்டு வெளிச்சத்தின் வரிசைக்கு வாருங்கள். நம் பாட்டில் கடைசிப் பல்லவியும் முதல் பல்லவியும் ஒரே திண்ணை, ஆகவே ஒரே நாளில் அடுத்தடுத்து எடுக்கலாம். ஆனால் கதைப்படி நடுவில் பல மாதங்கள் போய்விட்டன. அம்மாவின் சேலை, திண்ணையிலிருக்கும் பொருள்கள், வாசல் கோலம் எல்லாம் மாற வேண்டும். அந்த மாற்றத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோமா என்பதை அதே வினாடித் தாளைப் பார்த்துச் சரிபாருங்கள். முக்கியமான லிப் சிங்க் ஷாட்டை முதல் நாள் மாலைக்கு வைப்பேன். ஏதாவது தவறினால் இரண்டாம் நாள் மாலை இருக்கிறது.

முதல் நாள் ஷூட்டிங் முடிந்ததும் எல்லோரும் தூங்கப் போவதற்குள் ஒரு வேலை பாக்கி. 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் கேமராவில் ஒரு மணி நேரப் படம் 45 ஜிபி வரும். இரண்டு ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, இரண்டையும் இரண்டு பேர் பையில் பிரித்து வையுங்கள். அப்புறம் லேப்டாப்பில் பாட்டைப் போட்டு, அன்றைக்கு எடுத்த ஷாட்டுகளில் ஒரே ஒரு வரியை மட்டும் பொருத்திப் பாருங்கள். உதடும் குரலும் சேர்ந்து வருகிறதா என்று பாடகியையும் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுங்கள். சேரவில்லை என்றால் நாளைக் காலை ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்று அப்போதே பேசி முடித்துவிட்டு, வினாடித் தாளில் எடுத்து முடித்த கட்டங்களை அடித்துவிட்டுப் படுக்கப் போங்கள்.